எந்தக் கை கறுத்தது?

அத்தியாயம் 6

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவன் ஒரு பொய் சொல்வான். விற்க வருகிறவன் இரண்டு சொல்வான். இந்த இரண்டு சாராருக்கும் நடுவில் இருபது வருடம் உட்கார்ந்து பிழைத்தவள் லியாவ் சுசின். துப்பறிவதற்கென்று அவள் தனியாக எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. லுகாங் சந்தைத் தெருவில் கீழே அவளுடைய பழைய வண்டிக் கடை, மேலே துப்பறியும் அலுவலகம். கீழே வண்டி விற்காத நாளில் மேலே ஆள் வருவார்கள். மேலேயும் ஆள் வராவிட்டால் உதவியாளன் மிங்டே திட்டு வாங்குவான்.

மிங்டே முன்பு காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தவன். ஆறு வருடத்தில் அவனிடம் காப்பீடு எடுத்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் மூன்று பேர் அவன் பேச்சை நிறுத்துவதற்காக எடுத்தவர்கள்.

நிலாப் பண்டிகையான எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம். மிங்டே சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை அப்போதுதான் உரிக்க ஆரம்பித்திருந்தான். மூன்று பேர் ஹெல்மெட்டும் கையுமாக மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"சாமியைத் தொலைச்சுட்டேன் அக்கா."

"சாமியைத் தொலைச்சவங்க ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. புகார் குடுக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றான் மிங்டே.

"நீ வாயை மூடிக் கிழங்கைத் தின்னு" என்றாள் சுசின். "நீ சொல்லும்மா. எந்தச் சாமி?"

"எங்க கோயில் மண்சாமி, ஊர் நிலத்தைக் காக்கிறவரு. இத்தனூண்டுதான் இருப்பாரு." அவள் ஒரு சோயா பாட்டில் உயரத்துக்குக் கையைக் காட்டினாள்.

பெயர் பெய்ஷான். மண்சாமி கோயில் வாசலில் சிப்பி ஆம்லெட் கடை போடுகிறவள். கூட வந்த இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு நண்பர்கள். கோசெங் மீன் ஏலக்காரன். மெதுவாகப் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். சோங்யீ பற்களுக்கு அச்சு எடுக்கிறவன், அவசியப்பட்டால் மட்டுமே வாய் திறப்பான். மூன்று பேரும் மூன்று மோட்டார் சைக்கிளில் ஆறு நாள் தீவைச் சுற்றிவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார்கள். வழித்துணைக்குக் கோயிலின் சின்னச் சாமியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை கிழக்குக் கரையில் டோங்ஹேயில் சாமி காணாமல் போய்விட்டார்.

"எப்படி?"

"பன் வாங்க வரிசையில நின்னோம். சாமியை வண்டி சீட்ல உட்கார வச்சு, வெயில் படக்கூடாதுன்னு மேல ஹெல்மெட்டைக் கவுத்து வச்சிருந்தேன். பத்து நிமிஷம்தான் இருக்கும். வந்து தூக்கிப் பார்த்தா ஹெல்மெட் மட்டும்தான் இருக்கு."

"நாளைக்கு மதியம் விழா. சாமி பீடத்துல இல்லைன்னா இவ கடை காலி" என்றான் கோசெங். தெருவில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். "வாசல்ல கடை போடுற இடம் கமிட்டி வாய்வார்த்தையாக் குடுத்தது. தலைவர் ஹோங்கோட மச்சினன் ரெண்டு வருஷமா அந்த இடத்து மேல கண்ணு வச்சிருக்கான். சாமியையே தொலைச்சவளுக்கு வாசல்ல என்ன வேலைன்னு கேப்பாங்க. நாம என்ன பதில் சொல்றது?"

"அப்போ ஹோங்தான் எடுத்திருக்கணும்" என்றான் மிங்டே. "கேஸ் முடிஞ்சுது. அக்கா, டீ போடட்டுமா?"

"ஹோங் ஏறி உட்கார்ந்தா வண்டி நகருமாடா? தீவோட அந்தக் கோடிக்கு எப்படிப் போவாரு, உருண்டா?" சுசின் பெய்ஷான் பக்கம் திரும்பினாள். "வண்டி கிட்ட வேற ஏதாவது கிடந்துதா?"

பெய்ஷான் யோசித்தாள். "ஒரு காகிதக் கப்புல மணல். அதுல மூணு ஊதுபத்தி பாதி எரிஞ்சு நின்னுச்சு. யாரோ வழிப்போக்கர் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சோம்."

சுசின் முகத்தில், வண்டியின் மீட்டரைத் திருப்பி வைத்திருப்பதைக் கண்டுபிடித்த சந்தோஷம் தெரிந்தது. "கும்பிட்டு, உத்தரவு கேட்டுட்டுத் திருடியிருக்கான். ஊதுபத்தியைக் கையோட கொண்டு வந்திருக்கான். உங்க பின்னாடியே யாராவது வந்தாங்களா?"

"கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் வந்தேன்" என்றான் சோங்யீ. அன்றைக்கு அவன் பேசிய முதல் வாக்கியம் அது. "தைதுங் தாண்டினதுலேர்ந்து எங்க பின்னாடி ஒரு வண்டியும் இல்லை."

"பின்னாடி வரலைன்னா முன்னாடியிருந்து வந்திருக்கான். ஆம்பளைங்க ரெண்டு பேரும் கையை நீட்டுங்க பார்ப்போம்."

இருவரும் அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தார்கள். இருவருக்கும் வலது கை, அடுப்பில் தொங்கவிட்ட வாத்து மாதிரி வறுபட்டிருந்தது. இடது கையில் அவ்வளவு கருமை இல்லை. சுசின் மிங்டேயின் கையிலிருந்த கிழங்கைப் பிடுங்கி மேஜையில் நிற்க வைத்தாள்.

"இது நம்ம தீவு. நாம ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுறவங்க. கடலை ஒட்டிப் போகணும்னா மேற்கே தெற்கு நோக்கி இறங்கி, கிழக்கே வடக்கு நோக்கி ஏறணும். சுத்த வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சுத்துவாங்க. மேற்குல இறங்கும்போது சாயங்கால வெயில் எந்தக் கையில அடிக்கும்?"

"வலது" என்றான் மிங்டே.

"கிழக்குல ஏறும்போது காலை வெயில்?"

"அதுவும் வலது. அட! ஒரே கையைச் சூரியன் குத்தகைக்கு எடுத்திருக்காரு!"

"அப்போ எதிர்த்திசையில சுத்தினவனுக்கு?"

"இடது கை கறுக்கும்" என்ற மிங்டே கிழங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"ஒரே திசையில போறவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே தீவைச் சுத்தி முடிச்சுடலாம். எதிரே வர்றவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. எங்கேயாவது ஒரு இடத்துல கண்டிப்பா உங்களைச் சந்திப்பான். எந்த இடம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மூணாம் நாள் காலைல பன் கடையில நிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயணத் திட்டம் முழுக்க ஜுன்ஹாங் போட்டது" என்று இழுத்தான் கோசெங். "எங்க நாலாவது ஆள். எந்த ஊர்ல எத்தனை மணிக்கு மூத்திரம் பெய்யணும்னு கூட எழுதியிருந்தான். கிளம்புற அன்னிக்கு லீவு கிடைக்கலைன்னுட்டான். பாவம்."

பெய்ஷான் ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்த்து, மாட்டி, மறுபடி அவிழ்த்தாள். மிங்டே கிழங்கில் வடக்குப் பகுதியைத் தின்று முடித்திருந்தான். ஆனாலும் அவன் அதைக் கவனித்தான்.

ஜுன்ஹாங் ஊருக்கு வெளியே ஒரு திருகாணித் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டவன். மேஜை மேல் பென்சில்கள் உயர வரிசையில் அடுக்கியிருந்தன. கூரைத் தகரம் கொதிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருந்தான்.

"லீவா? எனக்கா? ஒரு வாரமா இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கலைங்க" என்றான்.

"கையைக் காட்டுன்னு கேட்டுடலாமா அக்கா?" என்று மிங்டே காதோரம் முணுமுணுத்தான்.

"கேட்டா உஷாராயிடுவான். பழத்தை எடு."

பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போனாலும் பம்பளிமாஸ் கொண்டு போவது வழக்கம். மிங்டே பையிலிருந்து தலையளவு பழம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். நடிக்க வேண்டிய தேவையே இல்லை. நிஜமாகவே அவனுக்கு உரிக்கத் தெரியாது. தோல் பிய்ந்து, சாறு பீச்சியடித்து, சரக்குச் சீட்டு ஒன்றின் மேல் விழுந்தது.

மூத்திர நேரம் குறித்தவனால் இதை எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்?

"அண்ணே, அண்ணே! குடுங்க இப்படி. காம்புப் பக்கம் கீறணும். பூ மாதிரி விரிக்கணும்." சாறு படாமலிருக்க ஜுன்ஹாங் இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுப் பழத்தை வாங்கிக் கத்தியால் கீறினான்.

இடது கை வறுத்த வாத்து. வலது கை சோயாப் பால்.

"நல்ல வெயில் போலிருக்கே இந்த நாற்காலியில" என்றாள் சுசின்.

ஜுன்ஹாங் கத்தியோடு ஒரு நொடி நின்றான். பிறகு சிரித்தான். "ஓ, இதுவா? கம்பெனி வேன் ஓட்டுறேங்க. ஜன்னல் பக்கம் இடது கைதானே?"

சரியான பதில். ஊரில் பாதி லாரி டிரைவர்களுக்கு இடது கைதான் கறுப்பு. இவ்வளவு நேரம் கட்டிய கோட்டை ஒரு வேன் ஜன்னல் வழியாகப் போயிற்று. மிங்டே அக்காவைப் பார்த்தான். அவள் சாவதானமாக ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வாஸ்தவம்தான் தம்பி. உன் இடது கை விரலைப் பார்த்தேன். நடுக்கணு வரைக்கும் வெள்ளை. அதுக்கு மேல நுனி வரைக்கும் தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரியற கறுப்பு. அஞ்சு விரலும் அப்படித்தான் இருக்கு. நுனி இல்லாத கையுறை போட்டு வேன் ஓட்டுறவனை நான் இன்னும் பார்க்கலை. பைக்குக்கு அந்தக் கையுறையை நானே வாரத்துக்கு நாலு ஜோடி விக்கிறேன்."

ஜுன்ஹாங் கத்தியைக் கீழே வைத்தான். பென்சில் ஒன்றை நேராக்கினான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"சாமி பத்திரமா இருக்காரு" என்றான். "ஆனா வரமாட்டேங்கிறாரு."

ஜுன்ஹாங்கின் அறையில் அலமாரி உச்சியில் சிவப்புத் துணி விரித்து மண்சாமி வீற்றிருந்தார். வெள்ளைத் தாடி, தொப்பை, எல்லாக் கடைக்காரர்களிடமும் வாடிக்கையுள்ள கிழவரின் சிரிப்பு. முன்னால் மூன்று கிண்ணம் தேநீர், நிலா கேக், வேர்க்கடலை. மேஜை விசிறி அவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னைவிட வசதியா இருக்காரு" என்றான் மிங்டே.

பெய்ஷான் அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். திரும்பி ஜுன்ஹாங்கைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

"டேய்! என் கடையைக் காலி பண்ணப் பார்த்தியே! உனக்கு நான் என்னடா பாவம் பண்ணினேன்? ஹோங் எவ்வளவு குடுத்தான்?"

"நான் எதுக்கு எடுத்தேன்னு உனக்குத் தெரியாதா?" என்றான் ஜுன்ஹாங். "சொல்லு. இவங்க முன்னாடி சொல்லு. கோயில்ல கட்டை போட்டியே, மூணாவது தடவை என்ன விழுந்துச்சு?"

பெய்ஷானின் கை இறங்கியது.

சாமியை வெளியே கொண்டு போக அவர் உத்தரவு வேண்டும். கேள்வியைக் கேட்டு இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாக்கவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாக்க விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்; அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. சம்மதம் தொடர்ந்து மூன்று முறை விழ வேண்டும்.

"ரெண்டு தடவை சரியா விழுந்துச்சு" என்றான் ஜுன்ஹாங். "மூணாவது தடவை ஒரு கட்டை உருண்டு பீடத்துக்கு அடியில போயிடுச்சு. இவ குனிஞ்சுகூடப் பார்க்கலை. 'இதுவும் சரிதான், கிளம்பலாம்'னுட்டா. நான் குனிஞ்சு பார்த்தேன். ரெண்டும் மல்லாக்கக் கிடக்குது. சொன்னேன். 'பயந்தாங்கொள்ளி, வராட்டிப் போ'ன்னு திட்டினா."

"ஆறு மாசமாக் காத்திருந்த பயணம்டா!"

"உத்தரவு இல்லாத சாமியோட நீ மலைப் பாதையில போறே. எனக்குத் தூக்கம் வருமா? மூணாம் நாள் வரைக்கும் பொறுத்தா போதும், எதிரே வந்து வாங்கிடலாம்னு கிளம்பினேன். எடுக்கும்போது உத்தரவு கேட்டேன். அங்கே மூணு தடவை சரின்னாரு. இங்க வந்து 'கோயிலுக்குப் போலாமா'ன்னா சிரிக்கிறாரு. நாலு நாளாச் சிரிக்கிறாரு. அவரு சம்மதிக்காம நான் எப்படித் தூக்குறது? உன்கிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மிங்டே தலையைச் சொறிந்தான். திருட்டுக் கொடுத்தவள் குற்றவாளி, திருடினவன் பூசாரி, திருட்டுப் பொருள் கேக் தின்றுகொண்டு சிரிக்கிறது. காப்பீட்டுத் தொழிலில்கூட இப்படி ஒரு கோப்பு வந்ததில்லை.

"கட்டையை எடு" என்றாள் சுசின், முழங்காலிட்டபடி. "வராத வாடிக்கையை நான் இதுவரைக்கும் விட்டதில்லை. சாமி, ஒரு முழுப் பன்றி வாட்டிப் படைக்கிறோம். போலாமா?"

இரண்டும் குப்புற விழுந்தன. மறுப்பு.

"பன்றியோட ஒரு நாள் பொம்மலாட்டம்?"

மறுப்பு.

"ரெண்டு நாள். ரெண்டாம் நாள் சண்டைக் கதை."

சிரிப்பு.

"நல்ல வியாபாரி" என்று சுசின் மெச்சினாள். "விலையைச் சொல்லாமலே ஏத்துறாரு."

"அக்கா, அவரைத் தீவைச் சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போனாங்க" என்றான் மிங்டே. "பாதியில ஒருத்தன் தூக்கி, வந்த வழியே திருப்பிக் கொண்டு வந்துட்டான். வடக்குப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நானா இருந்தா பன்றிக்கு மசிய மாட்டேன்."

சுசின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கிழங்கு மூளைக்கும் போயிருக்கு. சாமி, நாளைக்கு விழா. அது முடிஞ்சதும் இவங்க நாலு பேரும் உங்களை மீதிப் பாதிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சரியா?"

ஒரு கட்டை மல்லாக்க விழுந்தது. இன்னொன்று விளிம்பில் நின்று, ஆடி, அதுவும் மல்லாக்கவே சாய்ந்தது.

"கிட்ட வந்துட்டாரு. இன்னும் ஒரு சரக்கு கேக்கறாரு" என்று சுசின் கட்டைகளைப் பொறுக்கிப் பெய்ஷானிடம் நீட்டினாள். "அது என் கடையில இல்லைம்மா. உன்கிட்டதான் இருக்கு."

பெய்ஷான் கட்டைகளை வாங்கிக்கொண்டு முழங்காலிட்டாள். அவள் சொல்லப்போவது என்னவென்று அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் விலையும் தெரிந்திருந்தது. ஹோங் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் நடந்ததைச் சொல்லிடறேன்" என்றாள். "அப்புறம் கடை உங்க பாடு."

ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும்.

ஜுன்ஹாங் விசிறியை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பயந்தாங்கொள்ளின்னு சொன்னதை?" என்றான்.

"அதை வாபஸ் வாங்க மாட்டேன்" என்று பெய்ஷான் சாமியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

மறுநாள் மதியம் கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மண்சாமி பீடத்தில் ஊதுபத்திப் புகைக்கு நடுவில் இருந்தார். பெய்ஷான் எல்லோர் முன்னாலும் நின்று, கட்டை உருண்டதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டம் முணுமுணுத்தது. தலைவர் ஹோங், பாதி விலைக்கு மீன் கிடைத்தவர் மாதிரி முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? சாமி உத்தரவையே திரிச்சவ. இவளுக்கு இனிமே இந்த வாசல்ல இடம் குடுக்கிறது முறையா?"

அவர் மச்சினன் எண்ணெய்ச் சட்டியோடு தயாராகவே வந்திருந்தான்.

"முறையில்லைதான் தலைவரே" என்று சுசின் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். மிங்டேக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆனா வாசல் சாமியோடது. அவரைக் கேக்காம எடுத்தா நீங்களும் இவ செஞ்சதைத்தான் செய்யறீங்க. நீங்களே உங்க கையால போடுங்களேன்."

நூறு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஹோங் கட்டைகளை வாங்கினார். "சாமி, இந்தக் கடையை எடுத்துடலாமா?"

ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற. சம்மதம்.

பெய்ஷான் ஜுன்ஹாங்கின் சட்டைக் கையைப் பிடித்தாள். மிங்டே அக்காவின் முகத்தைப் பார்த்தான். இருபது வருட வியாபாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு வியர்த்திருந்தது.

இரண்டாவது முறை இரண்டும் குப்புற விழுந்தன. மறுப்பு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹோங் ஆரம்பித்தார். மறுப்பு. இடுப்புப் பட்டையை இறுக்குகிறவர் மாதிரி மூச்சை இழுத்துவிட்டுக் கேள்வியை மாற்றினார். "சரி, என் மச்சினன் இங்கே கடை போடலாமா?"

கட்டைகள் கல்தரையில் குதித்தன, மோதின, உருண்டு நின்றன. இரண்டும் மல்லாக்க.

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். கோசெங் சிரித்தான், அது துறைமுகம் வரை கேட்டிருக்கும். பிறகு வாசல் முழுக்கச் சிரித்தது. மச்சினன் எண்ணெய்ச் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அது மறைகிற அளவில் இல்லை.

"மறுபடியும் கேக்கறீங்களா தலைவரே?" என்று சுசின் மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "அவருக்கு நேரம் இருக்கு. நாளைக் காலைலதான் வடக்கே கிளம்புறாரு."

ஹோங் கட்டைகளைப் பீடத்தில் வைத்தார். கும்பிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பெய்ஷான் அடுப்பைப் பற்ற வைத்தாள். முட்டையும் சிப்பியும் கல்லில் விழுந்து சீறின. ஒரு வாரமாக அவள் ஆம்லெட்டைச் சாப்பிடாத கூட்டம் நிமிஷத்தில் வரிசையாயிற்று. மிங்டே முண்டியடித்து முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தான். வரிசையின் கடைசியில், யார் கண்ணிலும் படாமலிருக்க வானத்தைப் பார்த்தபடி, தலைவர் ஹோங் நின்றுகொண்டிருந்தார்.